பேட்டரி சைக்கிளின் பின்பக்கம்

மாலையில் ஐயாசாமி தன் பேட்டரி சைக்கிளின் பின் டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றால், டயரில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வண்டியை மேலே தூக்க ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஸ்கூடாய் ஊரில் லிஃப்ட் இல்லாத அந்தப் பழைய பிளாட்டில் இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வேலை முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் படியேறிப் போவார்கள். "ஓகேவா அங்கிள்?" என்று யாராவது கேட்டால், "ஓகே ஓகே, காத்துதான் பார்க்கிறேன்" என்பார். வாயைத் திறந்து "கொஞ்சம் கை குடுங்க" என்று கேட்டால் குறைந்தா போய்விடுவார்? ஆனால் அறுபது வயதைத் தாண்டியும் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத வாய் அது. கேட்காமலே வந்து உதவ வேண்டும். உதவி முடிந்ததும், நானே தூக்கியிருப்பேன், நீதான் அவசரப்பட்டாய் என்கிற மாதிரி ஒரு முகம் வேறு வைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதருக்கு யார்தான் ஓடி வருவார்கள்?

அந்த வண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் புரை எடுத்த பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று மகள் ஷாமளா ஒற்றைக் காலில் நின்றதால் வாங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கும் கட்டடம் ஒன்றில் அவருக்குப் பகல் காவல் வேலை. இங்கே அதை ஜாகா வேலை என்பார்கள். அதிக தூரமில்லை, ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. காலை நெரிசலில் கார்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முறைத்துக்கொண்டு நிற்கும்போது ஐயாசாமி ஓரமாகச் சத்தமில்லாமல் நழுவிப் போய்க்கொண்டிருப்பார். சாலையில் அந்த வண்டியைப் போல நல்ல பிள்ளை கிடையாது. படிக்கட்டுக்கு வந்தால்தான் அதன் குணம் தெரியும்.

சீட்டுக்கு அடியில் செங்கல் செங்கல்லாகப் பேட்டரி. பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். மொத்தம் நாற்பது கிலோவுக்கு மேலே. பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாம் என்றால் அது ஸ்பேனர் போட்டு முடுக்கியது. கீழேயே நிறுத்திவிடலாம் என்றால் கீழே சார்ஜ் போட பிளக் இல்லை. போதாக்குறைக்கு, பக்கத்து பிளாக்கில் ஒருவர் அப்படி நிறுத்திவிட்டுப் போய், காலையில் வந்து பார்த்தபோது சங்கிலியில் கட்டிய வெறும் கம்பிதான் மிச்சமிருந்தது. அதனால் வண்டி தினமும் மூன்றாம் மாடிக்கு ஏறியாக வேண்டும். இறக்குவது பெரிய காரியமில்லை, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம். ஏற்றுவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் அவர் மனைவி வெள்ளையம்மா. சாயங்காலம் ஐயாசாமி கீழே வந்து ஹார்னை இரண்டு தரம் அழுத்துவார். வெள்ளையம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு இறங்கி வருவாள். அவர் முன்னால் ஹேண்டிலைப் பிடிப்பார், அவள் பின்னால் கேரியரைப் பிடிப்பாள். யார் எங்கே பிடிப்பது என்று இருவரும் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கும் அவர் முன்னால் போக அவள் பின்னால் வந்தாள். படிக்கட்டுக்கு மட்டும் வேறு சட்டமா? தவிர, ஹேண்டில்தானே வண்டிக்குத் தலை. தலையைப் பிடிக்கிறவன்தானே தூக்குகிறவன். ஐயாசாமியின் கணக்கு அப்படி.

அவர் தூக்குகிற அழகையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் "முருகா... முருகா..." என்று அவர் விடும் சத்தத்துக்குக் கதவுகள் திறக்கும். "பாவம், வயசான காலத்துல அங்கிள் தினமும் இதைத் தூக்குறாரு" என்பார்கள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்றது லா" என்பார். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் ஃபேனுக்கு அடியில் துண்டோடு உட்கார்ந்துவிடுவார். வெள்ளையம்மா சமையலறைக்குள் போய் அவருக்குத் தேத்தண்ணி கலக்குவாள்.

அந்த வெள்ளையம்மாதான் ஷாமளாவின் பிரசவத்துக்கு என்று கூலாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. வெள்ளையம்மா இன்னும் வரவில்லை.

போன புதிதில் ஐயாசாமி கீழே வந்ததும் பழக்க தோஷத்தில் ஹார்னை அழுத்திவிடுவார். அழுத்திய பிறகுதான் நினைவு வரும். மேலே யாரும் அசைய மாட்டார்கள். எதிர் வீட்டுச் சீனக் கிழவர் மட்டும் கம்பி வழியாக எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அப்படிக் கிழவர் எட்டிப் பார்த்தபோது, யாருக்கோ காத்திருப்பதைப் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சமாளித்தார். மறுநாளிலிருந்து ஹார்ன் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை.

தனியாகவும் முயன்றுதான் பார்த்தார். மோட்டாரே வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போகாதா என்று ஒரு நாள் ஒரு யோசனை. பக்கத்தில் நின்று ஹேண்டிலைப் பிடித்தபடி, மெதுவாக ஆக்சிலரேட்டரைத் திருகினார். வண்டி முதல் நாலு படியை ஒரே தாவலாகத் தாவி, சுவரில் முட்டி, திரும்பி வந்து அவர் முழங்காலுக்குக் கீழே இடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சத்தம் கேட்டு யாரும் வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து டயரை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காலில் ரத்தம் வந்ததை வீட்டுக்குள் போன பிறகுதான் பார்த்தார். மருந்து போட்டுவிட ஒரு ஆள் இல்லையே என்று அன்றைக்கு அவருக்கு மகள் மேல் கோபம் கோபமாக வந்தது.

உதவ வந்தவர்களில் விஜயன் ஒருவன். நான்காம் மாடிக்காரன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன், தோளும் கையுமாக நன்றாக இருப்பான். அவன் குனிவதற்குள் ஐயாசாமி ஹேண்டிலைப் பிடித்துவிடுவார். அவன் பின்னால் பிடிப்பான். இரண்டாம் மாடி திரும்புவதற்குள், "அலமாக், அங்கிள்! சைக்கிளா இது, இரும்புக் கடையா?" என்று மூச்சு வாங்குவான். சில நாள் தூக்கினான். பிறகு அவன் அந்தப் பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறிப் போவதை ஐயாசாமி இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டார்.

"ஜிம்முக்குப் போயி கையை மட்டும் வளத்து வச்சிருக்கானுங்க. ஒரு சைக்கிளைத் தூக்கச் சொன்னா நாக்கு தள்ளுது. நாங்கள்லாம் அந்தக் காலத்துல..." என்று போனில் வெள்ளையம்மாவிடம் குறைபட்டார்.

தினமும் சாயங்காலம் அவர்தான் கூப்பிடுவார். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்" என்பார். "வண்டியை யாரு தூக்குனா?" என்று மட்டும் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. சொல்வார். பிறகு, "எப்ப வர்றே?" என்பார். "பாப்பா இப்பதான் தவழுது. அடுத்த மாசம் பார்ப்போம்ங்க" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். போனை வைத்த பிறகு வீடு பெரிதாக இருக்கும். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு எப்படிப் பெரிதாகும் என்று கேட்காதீர்கள், தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் சட்டியிலிருந்தே கரண்டியால் எடுத்து நின்றபடி சாப்பிட்டுவிட்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே தூங்கிப்போவார். கூடத்தின் ஓரத்தில் வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கும். அவர் தூங்கிய பிறகு அந்த வீட்டில் விழித்துக்கொண்டிருந்தது அதன் சிவப்பு விளக்கு ஒன்றுதான்.

எல்லாக் கோபமும் ஒருநாள் ஷாமளா மேல் இறங்கியது. போனில் கூப்பிட்டு, "உங்கம்மாவை என்னா, சம்பளமில்லாத வேலைக்காரின்னு நெனச்சியா? பிள்ளை உன் பிள்ளை. பெத்தவ பார்த்துக்கணும். இங்க ஒருத்தன் ஒத்தையில கெடந்து சாவுறது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினார். ஷாமளா எதிர்த்துப் பேசுகிற ரகம். அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த 'சரிப்பா'வைக் கேட்டதும் அவருக்கு ஒரு நிம்மதி. எப்படியும் அடுத்த வாரம் வெள்ளையம்மா பையோடு வந்து இறங்கிவிடுவாள் என்று நினைத்தார். வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மழை. ஐயாசாமி நனைந்துகொண்டு வந்து, படிக்கட்டுக்கு அடியில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல டயரை அமுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடி மீரா பீவி கடையிலிருந்து வந்தார். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிற அம்மாள்; கை வேலை செய்துகொண்டே இருக்கும், வாயும் அப்படித்தான். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாமான் பை, அதோடு மார்போடு அணைத்தபடி ஒரு தட்டு முட்டை.

"என்னாண்ணே, டயரு இன்னும் செத்துப்போகலையா?" என்றார்.

ஐயாசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை நாளைக்குத்தான் அமுக்குவீங்க? வாங்க, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

"வேணாம் பீவிம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம். விஜயன் வந்துருவான்."

"விஜயன் அந்தப் பக்கமா ஏறிப் போயி அரை மணி நேரமாச்சு. சும்மா வாங்க."

சொல்லிக்கொண்டே முட்டைத் தட்டையும் பையையும் வண்டியின் முன் கூடையில் வைத்துவிட்டார். ஐயாசாமி ஹேண்டிலைப் பிடிக்கப் போனார். பீவி அவர் கையைத் தட்டாத குறையாக விலக்கினார்.

"நீங்க அந்தாண்ட போங்க. முட்டை இங்கதான இருக்கு? நீங்க முருகா முருகான்னு குலுக்குற குலுக்குல எல்லாம் ஒடைஞ்சுரும். நான் முன்னாடி புடிக்கிறேன்."

ஒரு பொம்பளை முன்னால் போக அவர் பின்னால் போவதா என்று ஒரு கணம் தயங்கினார். மழையில் வேறு யாரும் வெளியே இல்லை. சரி என்று கேரியரைப் பிடித்தார்.

முதல் படியிலேயே ஏதோ தப்பு என்று தெரிந்தது. வண்டி தரையை விட்டு வர மறுத்தது. முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துத் தூக்கினார். வந்தது. வந்ததும் மொத்தமாக அவர் மேலேயே வந்தது. முன்னால் பீவி ஒரு படி ஏறினால், பின்னால் பேட்டரியும் மோட்டாருமாகச் சரிந்து அவர் வயிற்றில் இடித்தது. கேரியர்க் கம்பி விரல்களை அறுத்தது. சக்கரத்துச் சேறு கால்சட்டைத் தொடையில், கையில் அப்பியது. பார்வைக்கு எதிரே சீட்டும் பீவியின் முக்காடும் தவிர ஒன்றுமில்லை. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடித்தான் வைக்க வேண்டியிருந்தது. விட்டால் வண்டி அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், ஒரு நரம்பு சுண்டியது.

முதல் மாடித் திருப்பத்தில் பீவி நின்று திரும்பிப் பார்த்தார். பீவிக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"என்னாண்ணே இது, பூ மாதிரி இருக்கு! இதுக்கா தினமும் அந்தச் சத்தம் போட்டீங்க? நாங்கள்லாம் பயந்துக்கிட்டுக் கதவைத் திறந்து பார்ப்போம்!" என்று சிரித்தார்.

ஐயாசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. முருகா என்று கூப்பிடக்கூட வரவில்லை. பின்னால் பிடிக்கிறவர்களுக்குச் சத்தம் போட மூச்சு மிச்சமிருப்பதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடி வரைக்கும் பீவி பேசிக்கொண்டே ஏறினார். மேலே வந்து, முட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டு, "நாளைக்கும் கூப்பிடுங்கண்ணே, வெட்கப்படாதீங்க" என்று இறங்கிப் போனார். ஐயாசாமி வண்டியைக் கூடத்தில் நிறுத்தினார். ஃபேனைப் போடவில்லை. சேறு ஒட்டிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

வெள்ளையம்மாவின் முதுகுவலியைப் பற்றி அவருக்குத் தெரியும். கிளினிக்கில் அவள் கூட்டித் துடைக்கிற வேலையால் வந்தது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து, அந்த வேலையை விட்டுவிடச் சொன்னதும் அவர்தான். விட்டாள். வலி போகவில்லை. வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். அவள் சேலையில் எப்போதும் முழங்காலுக்கு மேலே ஒரு கறை இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது கேட்டாரா? இல்லை. இப்போது அதே இடத்தில் அவர் கால்சட்டையில் அதே கறை. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு வந்து, வைத்த கையோடு உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணி கலக்கினாளே என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது. யாரும் பார்க்காத வீட்டிலேயே அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் போன் செய்யவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டை மாற்றி, வெள்ளையம்மாவுக்குப் பிடிக்குமே என்று பீவியிடம் சொல்லிவைத்துப் பலகாரம் வாங்கிக்கொண்டு, கூலாய்க்கு பஸ் ஏறினார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவருக்கு ஒரு தெம்புகூட வந்துவிட்டது. பிரச்சினை இன்னது என்று தெரிந்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரிதானே? தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று. சரி செய்துவிட்டால் அவள் வந்துவிடப் போகிறாள்.

ஷாமளாவின் புருஷன் செனாய் பக்கம் தொழிற்சாலையில் ஞாயிறு ஷிஃப்டுக்குப் போயிருந்தான். ஷாமளா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கப்பா" என்றாள், முகத்தை நிமிர்த்தாமல். திட்டு வாங்கியது இன்னும் மனதில் இருக்கிறது என்று தெரிந்தது. ஐயாசாமி நேராகப் பின்கட்டுக்குப் போனார். வெள்ளையம்மா முக்காலியில் உட்கார்ந்து பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது.

எதிரே இருந்த நாற்காலியில் உட்காரக் குனிந்தவர், "ஸ்..." என்று பாதியில் நின்றார்.

"என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. நேத்து வண்டி தூக்குனேன். பீவிம்மா முன்னாடி புடிச்சாங்க." சற்று நிறுத்தினார். "நான் பின்னாடி."

வெள்ளையம்மாவின் கை மடித்துக்கொண்டிருந்த துணியின் மேல் அப்படியே இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒரு தைலப் புட்டியோடு வந்தாள்.

"சட்டையைத் தூக்குங்க. திரும்புங்க."

திரும்பி உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை. தைலம் தொட்ட கட்டை விரல், இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், நேராக அந்த நரம்பின் மேலேயே போய் நின்றது. எத்தனையோ இடம் இருக்கிற முதுகில் அவள் விரல் வேறெங்கும் தேடவில்லை.

"இங்கதானே?"

"ம்" என்றார் ஐயாசாமி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைலத்தின் காரம் என்று அவளே நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டார்.

அவள் நிதானமாகத் தேய்த்துவிட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குத் தெரியாமப் போச்சு புள்ள. சத்தியமாத் தெரியாது. இனிமே நான் பின்னாடி புடிக்கிறேன். நீ ஹேண்டிலைப் புடி. அதுவும் வேணாம்னா வண்டியையே தூக்கிப் போட்டுறலாம். கீழ் வீடு ஏதாச்சும் வாடகைக்கு வருதான்னு பார்ப்போம். நீ வா."

தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ஒரு நாள் நான் கேட்டேங்க" என்றாள்.

"என்னா கேட்டே?"

"ஒரு நாளைக்கு நான் முன்னாடி புடிக்கட்டுமான்னு. நீங்க சிரிச்சீங்க. பொம்பளை முன்னாடி போயி ஆம்பளை பின்னாடி போனா பார்க்கிறவன் என்னா சொல்லுவான்னீங்க. ரெண்டாம் மாடித் திருப்பத்துல வச்சுத்தான் கேட்டேன்."

ஐயாசாமி யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவர் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு ஏறியிருப்பார். மறந்தே போயிருக்கிறார்.

"அப்போ கோவமா இருக்கியா?"

"கோவம் இருந்தா எப்பவோ சண்டை போட்டிருப்பேங்க." அவள் முன்னால் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். புட்டி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "வண்டியாலன்னு நெனச்சுக்காதீங்க. வண்டி இப்ப வந்தது. எனக்கு அசந்துபோச்சு. இங்கயும் வேலைதான். பிள்ளையைத் தூக்குறேன், சமைக்கிறேன், துணி தொவைக்கிறேன். ஆனா கனமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா, யாராச்சும் திரும்பிப் பார்க்கிறாங்க."

"நானும் பார்ப்பேன் புள்ள. இனிமே பார்ப்பேன்."

"பார்ப்பீங்க. எனக்குத் தெரியும்." அவள் குரலில் கிண்டல் இல்லை, கரிசனம்தான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஆனா எனக்கு வரணும்னு தோணலைங்க."

ஐயாசாமி தூக்கிய சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஷாமளா போகச் சொல்லித்தான் சொல்லுது" என்று வெள்ளையம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க திட்டுனதுலேர்ந்து தினமும் சொல்லுது. அப்பா பாவம், நீங்க போங்கம்மா, நான் பிள்ளையை நர்சரில விட்டுக்கிறேன்னு. நான்தான் பல்லு மொளைக்கட்டும், நடக்கட்டும்னு இழுத்துக்கிட்டிருக்கேன். இன்னும் என்னா சொல்லி இழுக்குறதுன்னுதான் எனக்குத் தெரியல."

உள்ளே பிள்ளை சிரித்தது. ஷாமளா அதற்குச் சட்டை போட்டுக்கொண்டே என்னவோ பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மா மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஐயாசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை. இவள் இல்லாமல் எப்படி இருக்கப் போகிறோம் என்று நெஞ்சுக்குள் ஒரு பயம் எழுந்தது. கையைப் பிடித்துக் கெஞ்சினால் வந்துவிடுவாள் என்றும் தெரிந்தது. கெஞ்சினால் நிச்சயம் வருவாள். வந்து, பின்னாலேயே பிடிப்பாள்.

அவர் கெஞ்சவில்லை.

மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளையம்மா அவருக்கு மீன் துண்டை எடுத்து வைத்தாள். பேத்தி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. வெயில் தாழ்ந்ததும் அவர் கிளம்பினார். வெள்ளையம்மா குழம்பைப் பையில் ஊற்றித் தாப்பாவ் கட்டிக் கொடுத்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்று சமையலறைக்குத் திரும்பினாள். வாசல் கேட் வரைக்கும் ஷாமளா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, ஒன்னு சொல்றேன். கோவப்படாதீங்க. அம்மாவை நான் புடிச்சு வச்சிருக்கேன்னு நெனைக்காதீங்க. நான் எப்பவோ போகச் சொல்லி..."

"தெரியும்மா" என்றார் ஐயாசாமி. "நான்தான் அவளை இங்கயே இருக்கச் சொன்னேன்."

"நீங்களா?"

"ஆமா. பிள்ளையை எதுக்கு நர்சரில விடணும்? அவ இங்கயே இருக்கட்டும். இனிமே போகச் சொல்லாதே. அன்னிக்கு நான் உன்னைத் திட்டுனது தப்பு. அதை மனசுல வச்சுக்காதே."

ஷாமளா அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். "அப்போ உங்களுக்கு? அந்த வண்டியை யாருப்பா தூக்குவா?"

"அதுக்கென்ன. கேட்டா ஆளு வருவாங்க. நான் கேட்டுக்கிறேன்."

அவள் முகத்தில் அத்தனை நாள் இருந்த இறுக்கம் போய்விட்டது. திரும்பி, வீட்டுக்குள் கேட்கிற மாதிரி, "அம்மா, கேட்டீங்களா? அப்பாவே உங்களை இருக்கச் சொல்லிட்டாங்க!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஐயாசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளையம்மா வெளியே வரவில்லை. சற்று நேரம் கழித்துத் தண்ணீர் விழும் சத்தம் மறுபடியும் கேட்டது. அவர் பேத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, குழம்புப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.